கொல்லையில் ராக்கெட் விழுந்தால்?

"ஏன் தம்பி, வானத்துலேர்ந்து இரும்பு விழுதாமே! கொல்லைக்குக் களையெடுக்கப் போலாமா, வேணாமா?"

பாகூரில் பக்கத்து வீட்டு ஆயா கேட்டார். பேரன் செல்போனில் காட்டிய வீடியோவின் வேலை. சிரித்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

ராக்கெட் துண்டு புதுச்சேரிக்குப் புதிதல்ல. 2019 டிசம்பரில் வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கடலிலிருந்து இழுத்து வந்த பெரிய உருளை நினைவிருக்கிறதா? அது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார். எரிபொருள் தீர்ந்ததும் கழன்று கடலில் விழவேண்டியது, அப்படியே விழுந்தது. ஏவுதளத்தைக் கடலோரத்தில் வைப்பதே இதற்காகத்தான்.

ஆயா பயப்படுவது வேறு வகைக்கு. செயற்கைக்கோளை விட்டுவிட்டு மேலேயே சுற்றும் ராக்கெட்டின் கடைசி அடுக்கு, காற்று உரசி உரசிக் கீழே இறங்கும். நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகம். விழும் நேரக் கணிப்பு பத்து நிமிடம் பிசகினாலே இடம் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போகும். பெரும்பகுதி வழியிலேயே எரிந்துவிடும். டைட்டானியத்தில் செய்த எரிபொருள் உருண்டைகள் போன்றவை மட்டும் தரைக்கு வந்து சேரும்.

2022 ஏப்ரல் 2-ம் தேதி, மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்து லாட்போரி கிராமத்தில் இதுதான் நடந்தது. அன்று அவர்களுக்கு வருடப் பிறப்பு. இரவு எட்டு மணி வாக்கில் வானத்தில் தீக்கோடுகள். சற்று நேரத்தில் ஊருக்குள் காலி இடத்தில் சுமார் பத்தடி அகல உலோக வளையம். பக்கத்து ஊரில் ஓர் உருண்டை. 2021-ல் ஏவிய சீன ராக்கெட்டின் மிச்சம் என்பது வானியலாளர்கள் கணிப்பு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அதனால் ஆயா, தாராளமாகக் களையெடுக்கப் போகலாம். வில்லியனூர் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போகிற உங்கள் பேரனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆனால் விழுந்தால்? முதலில், தொடாதீர்கள். உருண்டைக்குள் ஹைட்ரசின் என்ற விஷ எரிபொருள் மிச்சமிருக்கலாம். செல்ஃபி, காயலான் கடை இரண்டும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள்.

நஷ்டஈடு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 1972-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி, தரையில் சேதமானால் ராக்கெட்டை ஏவிய நாடு தவறு யாருடையது என்று பாராமல் பணம் தரவேண்டும். 1978-ல் கனடாவில் விழுந்த சோவியத் செயற்கைக்கோளுக்கு 30 லட்சம் கனடிய டாலர் கிடைத்தது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி கேட்க வேண்டியது அரசாங்கம். பாகூர் விவசாயி நேராகக் கேட்க முடியாது. அதுவும் ஒரு வருடத்துக்குள் கேட்கவேண்டும். விழுந்தது நம் நாட்டு ராக்கெட்டே என்றால் நம் ஆளுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது. அதற்கு நம்மூர்ச் சட்டம் வேண்டும். 2017-ல் விண்வெளிச் சட்ட வரைவு வந்தது, அது இன்னும் வரைவாகவே இருக்கிறது. ராக்கெட் விடும் வேகத்தில் இதையும் முடித்தால் என்ன?

எல்லாவற்றையும் ஆயா பொறுமையாகக் கேட்டார். லாட்போரி வளையத்தின் படத்தை மட்டும் இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.

"உறைக்கிணத்துக்கு ஆவும் போலிருக்கே தம்பி!"