ஆள் இல்லை என்பதற்காகக் கையைக் கட்டலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் அண்ணனுக்கு வயது 71. பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வருடம் பட்டுத்தறி நெய்தவர். சென்ற ஆண்டு நிமோனியா வந்து, ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். வாயில் செயற்கைச் சுவாசக் குழாய். மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணியிலிருந்த செவிலியரைக் கேட்டேன். "ஐயா, ராத்திரி நான் ஒருத்தியே நாலு பேரைப் பார்க்கணும். இவர் குழாயைப் பிடுங்கிட்டா என்னைத்தான் கேட்பாங்க" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் கொடுமை இல்லை. பயமும் களைப்பும்தான் இருந்தன.

அவரைத் திட்ட இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிலை ஏற்கவும் முடியாது.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சங்கிலி அறவே கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். காரணத்தையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டக் கூடாது என்று 97-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

இது மனநல நிலையங்களுக்கான சட்டம். நிமோனியாவோடு படுத்திருந்த என் அண்ணனுக்கு ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை?

"கட்டாமல் விட்டு, குழாயைப் பிடுங்கி உயிர் போனால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கட்டிய நிலையிலும் குழாயைப் பிடுங்கியவர்கள் உண்டு. தீவிர சிகிச்சையில் பலருக்கு டெலிரியம் எனும் மனக்குழப்பம் வரும். இடம் தெரியாது, பகல் இரவு தெரியாது. அப்போது கையைக் கட்டினால் பதற்றம் கூடத்தான் செய்யும். வலியைக் கவனிப்பது, மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பது, வீட்டாரை அருகில் உட்கார வைப்பது, இவையெல்லாம் முதலில் செய்ய வேண்டியவை. பிரிட்டனில் இப்படிக் கையைக் கட்டுவது மிக அரிது. அங்கே செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே விதி.

இங்கே? 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். அப்போது அவர்கள் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். செவிலியரை அப்படி நடத்திவிட்டு, அவர் பொறுமையாக நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றால் எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. 58 பிள்ளைகள் இருந்த வகுப்பில் பிரம்பு வைத்திருந்தவன். "இத்தனை பேரை வேறு எப்படி அடக்குவது?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்வி உரிமைச் சட்டம் அந்தச் சமாதானத்தைச் செல்லாது என்றது. சரியாகத்தான் சொன்னது. ஆள் போதவில்லை என்பது நிர்வாகத்தின் குற்றம். அதற்குத் தண்டனை பிள்ளைக்கும் நோயாளிக்குமா?

ஆகவே, செவிலியரை நியமியுங்கள். மருத்துவரின் எழுத்து உத்தரவு இல்லாமல் எந்த வார்டிலும் கையைக் கட்டக் கூடாது என்று விதி செய்யுங்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டார் யாராவது அப்படிப் படுத்திருந்தால் சண்டை போடாதீர்கள். யார் உத்தரவு, எப்போது அவிழ்ப்பீர்கள், நான் அருகில் இருக்கலாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். நான் மூன்றாவதைக் கேட்டேன். அந்தப் பெண் அரைமணி நேரம் ஒரு கையை அவிழ்த்துவிட்டார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குழாயைத் தொடவே இல்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் கேட்கிறார்: "என்னை ஏன்டா கட்டினாங்க? நான் என்ன திருடனா?"

என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியன், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்