கம்பிக்கு வந்த மன அழுத்தம்

முப்பத்திரண்டு வருஷம் சிவில் பிரிவில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நடத்தியவன் நான். பயிற்றுமொழி ஆங்கிலம் என்பது காகிதத்தில். கரும்பலகையில் ஆங்கிலம், வாயில் தமிழ், இதுதான் வகுப்பு. ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் வாயும் ஆங்கிலத்துக்கு மாறும். பையன்கள் அன்றைக்குச் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியாராக இருந்தவர்களுக்கு இது தெரியாததா?

என்னிடம் படித்து, இப்போது பேராசிரியராக இருப்பவர் போன வாரம் வந்திருந்தார். "சாட்ஜிபிடி இருக்கு சார், நோட்ஸ் எல்லாம் அஞ்சு நிமிஷம்" என்று காட்டினார். வழவழப்பான ஆங்கிலம். என் பையன்களில் பாதிப் பேருக்கு இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டியிருக்கும்.

"இதையே தமிழில் கேளுங்களேன்" என்றேன். 'ஸ்ட்ரெஸ்' என்ற இடத்தில் 'மன அழுத்தம்' என்று வந்தது. இரும்புக் கம்பிக்கு மன அழுத்தமாம்! அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது இயந்திரத்தின் மேல் அல்ல. ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு, ஸ்ட்ரெய்ன் என்றால் திரிபு. பதினோராம் வகுப்புத் தமிழ்வழிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஒரு வரி தட்டிச் சொல்ல இவருக்கு மனமில்லை. நாம் தொண்டை வறள வாயால் சொன்ன தமிழை, பரீட்சைக்கு முந்தின ராத்திரி பையன் எடுத்துப் படிக்கிற மாதிரி இன்று தாளில் கொடுக்க முடியும். இவர்களோ அதை வைத்து ஆங்கிலத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறான். இரு முனையிலும் தாங்கிய கான்கிரீட் உத்தரத்தில் நடுவே அடிப்பக்கம் ஏன் முதலில் விரிசல் விடுகிறது என்று, என்னைவிடத் தெளிவாகத் தமிழில் சொன்னான். பரீட்சைத் தாளில் ஆங்கிலத்தில் மூன்று வரி. இரண்டு முறை ஃபெயில். மூன்றாம் வருஷம் வரவில்லை. தமிழில் புரியவைத்ததும் நான்தான், ஆங்கிலத்தில் மட்டும் கேள்வி கேட்ட கூட்டத்தில் இருந்ததும் நான்தான்.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அதில் சேர்க்கத் தயங்குகிற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலவழி வகுப்பில் வாயில் ஓடுகிற தமிழை ஒளிக்காமல் குறிப்பிலும் கேள்வித்தாளிலும் பக்கத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவரிடமும் சொன்னேன். "எச்.ஓ.டி. பார்த்தா என்ன சொல்வாரோ சார்" என்றார். நானும் முப்பத்திரண்டு வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.