பிறையும் பசலியும்

ஹிஜ்ரி எனப்படும் இஸ்லாமிய ஆண்டு முழுக்கப் பிறையைச் சார்ந்தது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்வதால், முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரையிலான பன்னிரண்டு மாதங்களும் 354 அல்லது 355 நாளில் முடிந்துவிடுகின்றன. சூரிய ஆண்டோடு ஒப்பிட்டால் குறைகிற ஏறத்தாழ 11 நாளை ஈடுகட்ட, தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் போன்ற ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. புனித மாதங்களைத் தள்ளிப்போடும் 'நஸீஉ' என்ற பழைய அரபு வழக்கத்தைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் கண்டித்து விலக்கியது.

வழிபாட்டுக்கு இதனால் குறையொன்றுமில்லை. ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருவதால், நீண்ட பகலில் நோன்பு நோற்கும் சிரமம் எந்த நாட்டாருக்கும் நிரந்தரமாவதில்லை. இடர்ப்பட்டது நிலவரிதான், பயிர் பிறை பார்த்து விளைவதில்லை. முப்பது சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ முப்பத்தொரு சந்திர ஆண்டுகளாகிவிடுவதால், முப்பது அறுவடை கண்ட குடியானவர் முப்பத்தொரு ஆண்டுக்கு வரி செலுத்த நேர்ந்த அநீதியை அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபஸ்ல் சுட்டிக்காட்டினார்.

இதற்குக் கண்ட தீர்வே பசலி, அதாவது அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு. ஹிஜ்ரி 963-ஐ அப்படியே முதலெண்ணாக எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டுகளாக எண்ணும் முறை அக்பர் காலத்தில் வந்தது. தக்காணத்துக்கு அதை 1636-இல் கொண்டுவந்த ஷாஜகான், அப்போது நடந்த ஹிஜ்ரி 1046-இலிருந்து எண்ணத் தொடங்கியதால், வடநாட்டுப் பசலியும் தென்னாட்டுப் பசலியும் இன்றளவும் ஒத்துப்போவதில்லை. சென்னை மாகாணத்தில் முன்பு ஆடி முதல் தேதியில் பிறந்த பசலி, 1855-இல் ஜூலை 1-க்கு மாற்றப்பட்டது.

புல எண், பயிர், சாகுபடிப் பரப்பு ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி என்னும் ஆண்டுக் கணக்குத் தணிக்கையும் இன்றும் பசலி எண்ணிலேயே நடக்கின்றன. பிறையை உதறிய இந்த ஏற்பாடு ஹிஜ்ரியின் எண்ணை மட்டும் உதறாதது வரலாற்றின் விநோதம்தான். ஒரே எண்ணில் புறப்பட்ட இரண்டும் 2024 ஜூலையில் 12 ஆண்டு விலகி நின்றன: பிறந்த பசலி 1434, பிறந்த ஹிஜ்ரி 1446. பழைய பத்திரத்தில் பசலி எண்ணைக் காண்பவர் அதனுடன் 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். ஹிஜ்ரி எண்ணுக்கு அத்தகைய நிலையான கூட்டல் கிடையாது.