வீடு பள்ளியான கதை யாருடைய கதை?

கொரோனாக் காலத்தில் வீடுகள் பள்ளிக்கூடங்களாயின. தந்தையர் தம் பிள்ளைகளின் முகத்தைப் பகலிற் கண்டனர். சிதறிய குடும்பங்கள் ஒன்றாயின என்று இன்றும் மேடைகளிற் பேசுவாருளர். பேசுவோர் பெரும்பாலும் நம்மவரே: சட்டத்தரணிகள், வைத்தியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள். அவர்கள் பொய் கூறவில்லை. தம் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுகின்றனர். ஆனால் தம் வீட்டையே நாடென எண்ணிவிட்டனர்.

நாமும் அந்தக் கூட்டத்தினரே. 2020ஆம் ஆண்டு மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20இல் ஊரடங்கு வந்தது. நீதிமன்றப் பணிகள் பெரும்பாலும் நின்றன. கட்சிக்காரரும் இல்லை, கூட்டமும் இல்லை. பிள்ளைக்கு நாமே கணிதம் கற்பிப்போம் என்று பெருமையோடு அமர்ந்தோம். மூன்றாம் நாள் பின்னக் கணக்கிற் பொறுமை இழந்தோம், குரலை உயர்த்தினோம், பிள்ளை அழுதது. புத்தகம் இல்லாளின் கைக்கு மாறிற்று. அடுப்படியில் நின்றபடியே அவர் கற்பித்தார். நீதவான் முன் மணிக்கணக்கில் வாதாடத் தெரிந்த நமக்கு, அரையுங் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதை ஒரு சிறு பிள்ளைக்கு விளக்கத் தெரியவில்லை. வீட்டுப் பள்ளியைப் புகழும் ஆடவர் எவரும், அங்கே ஆசிரியராக இருந்தவர் யார் என்பதை முதலிற் கூறட்டும்.

அடுத்த ஆண்டு, கோப்பாய்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் காணி வழக்கொன்றிற்காக நம்மிடம் வந்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தோம். "ஐயா, மூண்டு பிள்ளையளுக்கு ஒரு போன். நான் தோட்டத்துக்குப் போகேக்கை அதுவும் என்ரை மடியிலை. யாவாரி எடுத்தால் நான் கதைக்க வேணும். ரீச்சர் எடுத்தால் பிள்ளை கதைக்க வேணும். யாவாரி எடுத்தால்தானே ஐயா சோறு?" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை.

இலங்கையில் அக்காலத்தில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டிலேதான் கணினி இருந்தது. ஏனைய வீடுகளிற் கைத்தொலைபேசியே பள்ளிக்கூடம். டேட்டா தீர்ந்தால் அதுவும் மூடிற்று. ஊவாவிலே பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே குன்றேறினர். ஆசிரியர்களும் டேட்டாவுக்குத் தம் பணத்தையே கொடுத்தனர். 2021 ஜூலையில் அவர்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்துச் சூம் வகுப்புகளிலிருந்து விலகியபோது அவர்களை ஏசியவர்கள் இதனை மறந்தனர். பாடசாலைகள் இடையிடையே திறந்தன, மீண்டும் மூடின. 2021 ஒக்டோபர் 21இலேதான் இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளிலிருந்து மீளத் திறக்கத் தொடங்கினர்.

மூடியது பிழையென்று நாம் கூறவில்லை. உயிர் முதன்மையானது. மூடிய பின் யார் என்ன கடமைப்பட்டிருந்தனர் என்பதே நமது வினா. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைச் சட்டம் பெற்றோர்மீது சுமத்துகிறது. அரசின் கடமை எங்கே? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில், கல்வியில் யாவர்க்கும் சமவாய்ப்பு என்று அழகாக எழுதியிருக்கிறது. சற்றே கீழே 29ஆம் உறுப்புரை, அதனை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாதென்கிறது. கமக்காரன் கடமை தவறினாற் சட்டம் கேட்கும். அரசு தவறினால் அது கொள்கை மட்டுமே! 1945இல் வந்த இலவசக் கல்வியின் காவல் இவ்வளவுதானா?

சமமாகக் கற்பிக்கப்படாத பிள்ளைகளைப் பின்னர் ஒரே வினாத்தாளின் முன் இருத்தினர். 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரிக்குத் தள்ளப்பட்டது. நாள் மாறிற்று, அளவுகோல் மாறவில்லை. பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையிற் பகிரப்படுகிறது, அதனால் அநீதி இல்லை என்பர் சிலர். மாவட்டம் ஒன்றுதான். நெடுந்தீவில் அலைவரிசைக்காக வெளியில் வந்து நின்ற பிள்ளையும், யாழ் நகரில் தனியறையும் மடிக்கணினியும் தனியார் வகுப்பும் பெற்ற நம் பிள்ளையும் அதே மாவட்டத்தின் ஒரே வரிசையிற் போட்டியிட்டனர். மாவட்டங்களுக்கிடையே அளக்கத் தெரிந்த அரசுக்கு, வீடுகளுக்கிடையே அளக்கத் தெரியவில்லை. எழுபதுகளிலே தரப்படுத்தலை எதிர்த்துக் குரலெழுப்பிய சமூகம் நாம். இம்முறை நம் பிள்ளை முன்னே நின்றதால் வாயை மூடிக்கொண்டோம்.

2020இல் முதலாம் வகுப்பில் இரண்டு மாதமே அரிச்சுவடி பயின்று வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள், 2024இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதினர். இன்று அவர்கள் இடைநிலை வகுப்புகளில் இருக்கின்றனர். அடுத்த கொள்ளைநோயிலோ வெள்ளத்திலோ பாடசாலை மூடப்பட்டால் அரசு என்ன செய்யவேண்டும் என்பதைக் கட்டாயக் கடமையாகச் சட்டத்தில் எழுதுமாறு பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டும், கேட்போம். அதுவரை சனசமூக நிலையங்களின் கதவுகள் நம் கைகளிலேதான் இருக்கின்றன. உத்தியோகத்தர்கள் வாரத்தில் இரு மாலைகளை அங்கே கொடுக்கட்டும். கமக்காரர்கள் தம் பிள்ளைகளை வெட்கமின்றி அனுப்பட்டும். முதல் மாலையில் வேறெதுவும் வேண்டாம்: ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பந்தியைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.