கணிப்பொறியிலும் தமிழிசை முழங்குக!

கணிப்பொறியில் இசையமைக்கப் புகும் நம் இளைஞர் பலர், மென்பொருளோடு வரும் அயலொலித் துணுக்குகளையே அடுக்கிப் பழகுகின்றனர். கருவியில் குற்றமில்லை, தொடங்கும் முறையே பிழை.

'ஆடாசிட்டி' போன்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. ஓர் ஒலிவாங்கி போதும். பொருநைக் கரையில் வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் உடுக்கையும் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. முதற்கண் அவற்றைப் பதிவு செய்க, பின்னர் அடுக்குக.

இசையமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் மண்டிலத்தை 12 ஒத்த கூறுகளாகவே பகுத்துத் தருகின்றன. நெல்லைப் பகுதிச் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரோ, 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகர'த்தில் 24 அலகுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒலியை வளைக்கும் அமைப்பு அம்மென்பொருள்களிலேயே உண்டு. அதனைப் பயின்று பண்ணின் குழைவைக் காத்திடுக.

ஒலியெல்லாம் இரவலாயின், பாட்டுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டி யாது பயன்?