சர்வரை மாற்றும் முன் இன்ஜினைப் பாருங்கள்

ஓர் இணையதளம் திணறத் தொடங்கினால், அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பெரிய சர்வரைத்தான். மாத வாடகை ஏறுகிறது. சில வாரங்கள் நிம்மதியாகப் போகும். மறுபடி கூட்டம் கூடும் நாளில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும். தகவலை வட்டில் எழுதி வைத்து, கேட்கும்போது எடுத்துத் தருவது எந்த மென்பொருள், அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி அப்போதும் எழுவதில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

தரவுத்தளத்துக்குள் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு, வரும் கேள்வியைப் புரிந்துகொண்டு எந்த வழியில் விடை தேடுவது என்று திட்டமிடுகிறது. கீழடுக்கு உண்மையில் எழுதுகிறது, படிக்கிறது, பூட்டுப் போடுகிறது, மின்சாரம் போனால் மீட்டெடுக்கிறது. இந்தக் கீழடுக்குக்குப் பெயர் ஸ்டோரேஜ் இன்ஜின். எண்ணற்ற இணையதளங்களைத் தாங்கி நிற்கும் மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வோர் அட்டவணைக்கும் தனித்தனி இன்ஜினைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்த வசதியே பலருக்கு வலையாகவும் ஆகிவிட்டது.

மைஎஸ்க்யூஎல் 1995-இல் ஸ்வீடனில் பிறந்தது. வெகுகாலம் அதன் இயல்பான இன்ஜினாக இருந்தது மைஐசாம். எளிமையானது, குறைந்த இடம் பிடிப்பது, படிப்பதில் வேகமானது. இன்னொரு பக்கம், பின்லாந்தின் ஹெய்க்கி டூரி தன் இன்னோபேஸ் நிறுவனத்தில் இன்னோடிபி என்ற இன்ஜினை உருவாக்கினார். அது 2001-இல் மைஎஸ்க்யூஎல்லுடன் இணைந்தது. 2005-இல் இன்னோபேஸை ஆரக்கிள் வாங்கியது. 2010 டிசம்பரில் வெளியான மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பில்தான் இன்னோடிபி இயல்பான இன்ஜின் ஆனது.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பூட்டில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் ஒரே பதிவேடு. ஒருவர் ஒரு வரியைத் திருத்தி முடிக்கும்வரை வேறு யாரும் எந்தப் பக்கத்தையும் புரட்டக் கூடாது என்றால் என்ன ஆகும்? மைஐசாமின் நடைமுறை ஏறக்குறைய அதுதான். ஒரு வரியைத் திருத்தினாலும் அட்டவணை முழுவதும் பூட்டப்படும். எழுத வந்தவருக்கு முன்னுரிமை என்பது அதன் இயல்பான விதி. ஒரு நீண்ட அறிக்கைக் கேள்வி 20 விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சின்னத் திருத்தம் வந்து காத்திருக்கும். அதற்குப் பின் படிக்க வந்த அத்தனை பேரும் அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள். சர்வரின் சிபியு ஓய்வாக இருக்கும். தளமோ உறைந்து கிடக்கும். இந்த நோய்க்குப் பெரிய சர்வர் மருந்தாகாது.

இன்னோடிபி அந்தந்த வரியை மட்டும் பூட்டுகிறது. படிப்பவருக்கு மாற்றத்துக்கு முந்தைய பிரதியைக் காட்டுகிறது. எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரை ஒருவர் மறிக்காமல் வேலை பார்க்க இதுதான் வழி. ஒரே ஒருவர் சோதித்துப் பார்க்கும் கணினியில் மைஐசாம் வேகமாகத் தெரிந்திருக்கலாம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாங்கவும் திருத்தவும் தேடவும் செய்யும் தளத்தில் அந்த வேகம் நிற்பதில்லை.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் நம்பகம். பணம் ஒரு கணக்கிலிருந்து கழிந்து மற்றொன்றில் சேரும் இடைவெளியில் சர்வர் நின்றுவிட்டால், இன்னோடிபி தன் பதிவுக் கோப்பைப் படித்து, முடிந்த வேலையை நிலைநிறுத்தி, முடியாததை அழித்துவிடும். ஒன்று முழுதாக முடி, இல்லையேல் முழுதாக விடு என்னும் இந்தப் பரிவர்த்தனை ஏற்பாடே மைஐசாமில் கிடையாது. அட்டவணை சேதமானால் தனியாக ரிப்பேர் கட்டளை ஓட்ட வேண்டும். இன்னும் கவலைக்குரியது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் இல்லாமல் ஆர்டர் இருக்கக் கூடாது என்பது போன்ற அட்டவணை உறவு விதிகளை நிரலர் எழுதிக் கொடுத்தால், மைஐசாம் பிழை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அவற்றைக் கடைப்பிடிக்காது. காவல் இருக்கிறது என்று நம்பி நிரலர் நிம்மதியாக இருப்பார்.

பழைய கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. பேக்கப் கோப்பில் ஒவ்வோர் அட்டவணையின் இன்ஜின் பெயரும் எழுதப்பட்டே இருக்கும். 2008-இல் தொடங்கிய தளம் ஒன்றைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, அந்தக் கோப்பு பழைய இன்ஜினையும் சேர்த்தே கொண்டுவரும். மென்பொருள் புதியது, இயந்திரம் புதியது, அட்டவணை மட்டும் மைஐசாம். நீண்ட உரைக்குள் சொற்களைத் தேடும் வசதி வேண்டும் என்பதற்காக அதில் தங்கியவர்களுக்கும் இன்று அந்தக் காரணம் இல்லை. 2013-இல் வந்த 5.6 பதிப்பிலேயே இன்னோடிபிக்கு அந்த வசதி கிடைத்துவிட்டது.

இன்ஜினை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. இன்னோடிபி அடிக்கடி தேவைப்படும் தகவலை ரேமில் ஒரு பகுதியில் வைத்துக்கொள்கிறது. அதன் இயல்பான அளவு வெறும் 128 எம்பி. 32 ஜிபி ரேமுக்கு வாடகை கட்டிவிட்டு இந்த எண்ணைத் தொடாமல் விடுவது வீண் செலவு. தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய சர்வராக இருந்தால் ரேமில் 80 சதவீதம் வரை இதற்குக் கொடுக்கலாம். அதேபோல, இன்னோடிபி வரிகளை, ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியின் வரிசையில் அடுக்குகிறது. தாறுமாறான நீண்ட குறியீடுகளைச் சாவியாக வைத்தால் ஒவ்வொரு புது வரியும் வெவ்வேறு இடத்தில் செருகப்படும், இண்டெக்ஸ்களும் பருக்கும்.

இன்னோடிபிதான் எல்லாருக்கும் கடைசி விடை என்றும் இல்லை. எழுத்து வேலை மிகுந்து வட்டில் இடமும் நெருக்கும் இடங்களுக்கு வேறு வடிவமைப்பு இருக்கிறது. மாற்றங்களை முதலில் நினைவகத்தில் சேர்த்து, பிறகு மொத்தமாக வரிசைப்படுத்தி வட்டில் இறக்கும் முறை அது. ஃபேஸ்புக் அந்த வழியில் ராக்ஸ்டிபியை உருவாக்கி, 2013-இல் திறமூலமாக வெளியிட்டது. அதை மைஎஸ்க்யூஎல்லுடன் இணைத்த மைராக்ஸுக்குத் தன் சமூக வலைப்பின்னல் தரவை மாற்றியபோது, சுருக்கி வைத்த இன்னோடிபியோடு ஒப்பிட்டாலும் இடத்தேவை ஏறக்குறைய பாதியானது. மாங்கோடிபி என்ற வேறொரு தரவுத்தளத்தின் பாதையும் கவனிக்கத்தக்கது. பூட்டுச் சிக்கலால் விமர்சிக்கப்பட்ட அது, 2014 இறுதியில் வயர்டைகர் நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டே 3.2 பதிப்பில் வயர்டைகரைத் தன் இயல்பான இன்ஜின் ஆக்கிக்கொண்டது.

ஃபேஸ்புக் தன் சுமையை அளந்து பார்த்த பிறகே மாறியது. சாதாரண வணிகத் தளமோ செய்தித் தளமோ இன்னோடிபியில் தொடங்குவதே சரி. அதைவிட்டு விலக வேண்டுமானால், தன் சொந்தத் தரவில் தன் சொந்தக் கூட்டத்தோடு செய்த சோதனை கையில் இருக்க வேண்டும்.

ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு. அட்டவணைகளின் இன்ஜின் எது என்று காட்ட ஒரு கேள்வி போதும். வாடிக்கையாளருக்கு உயர்ந்த திட்டத்தை விற்கும் முன் அந்தப் பட்டியலை அவர் முன் வைக்க வேண்டும். மாற்றுவதற்கும் அட்டவணைக்கு ஒரு கட்டளைதான். ஆனால் மாற்றும் நேரத்தில் எழுத்து வேலைகள் நிற்கும், வட்டில் கூடுதல் இடமும் பிடிக்கும். ஆகவே பேக்கப் எடுத்து, ஒரு நகலில் ஓட்டிப் பார்த்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கூட்டம் குறைந்த வேளையில் செய்ய வேண்டும். கணினி அறிவியல் பாடத்திலும் எஸ்க்யூஎல் கேள்வி எழுதக் கற்பிப்பதோடு நிறுத்தாமல், ஒரே அட்டவணையில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் எழுதினால் இரு இன்ஜின்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று மாணவர்களே ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டணமில்லாத மென்பொருளும் ஒரு சாதாரண மடிக்கணினியும் போதும்.