பிராஜெக்ட் வாங்காதீங்க, ஒரு படகு கட்டுங்க

ரிவ்யூ டேட் அறிவிச்ச உடனே டி.நகர்ல சில மாடிப்படிகள் பிஸி ஆயிடும். கீழ துணிக்கடை, மேல 'ஃபைனல் இயர் பிராஜெக்ட்ஸ், ஆல் டிபார்ட்மென்ட்ஸ்'னு ஒரு போர்டு. உள்ள போனா ஒரு டைட்டில் லிஸ்ட் நீட்டுவாங்க. செலக்ட் பண்ணி அட்வான்ஸ் கட்டினா கிட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பேக்கேஜ். உங்களுக்கும் தெரிஞ்ச கதைதான். எனக்கு இன்னும் நல்லாவே தெரியும், ஏன்னா மூணாவது வருஷம் மினி பிராஜெக்டுக்கு நானும் அந்தப் படி ஏறினவன். வைவாவுல சார் ஒரு ஸ்பிரிங்கைத் தொட்டுக் காட்டி "இது எதுக்குப்பா?"ன்னு கேட்டார். "சப்போர்ட்டுக்கு சார்"னு சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு கையெழுத்து போட்டுட்டார். நல்ல கிரேடுதான் வந்துது. அந்த ஸ்பிரிங் எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால இந்த வருஷம் மரத்துல ஒரு மோட்டார் லாஞ்ச் கட்டினேன். 1:10 அளவு, 85 சென்டிமீட்டர் நீளம். வீட்டுல "நாலு வருஷம் படிச்சது பொம்மை படகு செய்யவா?"ன்னு கேட்டாங்க. கிளாஸ்ல "மச்சி, நாவல்டி எங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன்.

முதல்ல பிளான். இதுக்கு யார்கிட்டயும் காசு கொடுக்க வேண்டாம். ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பான எஃப்.ஏ.ஓ. சின்ன மீன்பிடி படகுகளுக்கு முழு வரைபடத்தோட புத்தகங்கள் போட்டிருக்கு. அதுல வி-அடிப்பாகம் உள்ள மரப் படகுகளுக்குன்னே ஒண்ணு இருக்கு. 5.2 மீட்டர்ல இருந்து 8.5 மீட்டர் வரைக்கும் படகுகள், இலவசமா டவுன்லோட் பண்ணலாம். எழுதினவர் ஓய்விந்த் குல்பிரான்சன்கிற நார்வே நாட்டு படகு வடிவமைப்பாளர். பேரைத் தேடிப் பார்த்தப்போதான் எனக்கு ஆச்சரியம். 1979ல ஆரம்பிச்ச வங்காள விரிகுடா திட்டத்துக்காக, நம்ம கிழக்குக் கடற்கரைக்கு ஏத்த படகு வடிவங்கள்ல வேலை பார்த்தவர் அவர். அந்தத் திட்டத்தோட ஆபீஸ் இருந்தது அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் ரோட்டுல. மயிலாப்பூர்ல என் டியூஷனுக்கு நான் சைக்கிள்ல போன அதே ரோடு!

அவங்க எடுத்துக்கிட்ட பிரச்சினையும் சாதாரணமானது இல்ல. நம்ம கரையில பல கிராமங்களுக்குத் துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டித்தான் மணல்ல ஏறணும். என்ஜின் வெச்ச படகுன்னா கரைக்கு வரும்போது ப்ரொப்பெல்லர் மணல்ல இடிச்சு உடையும், அதனால அதை மேல தூக்கிக்கற மாதிரி டிசைன் பண்ண வேண்டியிருந்துது. மெட்ராஸ்ல ஒரு காலத்துல கப்பல்ல வந்தவங்களைக் கரை சேர்த்த மசூலா படகுல ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிறால தைச்சிருப்பாங்க, அலை அடிக்கும்போது உடம்பு வளைஞ்சு கொடுக்கும். கம்ப்ளையன்ட் மெக்கானிசம்னு நாம செமஸ்டர்ல படிச்சதை அவங்க எப்பவோ தைச்சு வெச்சிருக்காங்க.

சரி, என் படகுக்கு வரேன். 8.5 மீட்டர் பிளானை எடுத்து, மேல்பாகத்தை மட்டும் லாஞ்ச் மாதிரி கேபின் வெச்சு மாத்திக்கிட்டேன். மயிலாப்பூர்ல எங்க தெருவுல இருக்கற தச்சர் அண்ணன்தான் எனக்கு உண்மையான கைடு. முதல் நாள் என் பிரிண்ட் அவுட்டைப் பார்த்துட்டு, "தம்பி, பிளை ஒரு பக்கம்தான் வளையும், ரெண்டு பக்கமும் வளைக்கப் பார்த்தா உடைஞ்சிடும்"னார். வி-அடிப்பாகத்தை பிளைவுட் படகுக்கு ஏன் தேர்ந்தெடுக்கறாங்கன்னு எனக்கு அந்த ஒரு வரியில புரிஞ்சுது. டெவலப்பபிள் சர்ஃபேஸ்னு நமக்கு முதல் வருஷ டிராயிங்லயே சொல்லிக் கொடுத்தாங்க. தகரப் புனல் வரைஞ்சோம், மார்க் வாங்கினோம், மறந்தோம்.

அடியில ஓடற முதுகெலும்புக்கு ஏரான்னு பேர். அதுக்குத் தேக்கு ரீப்பர். குறுக்கு வங்குகளுக்கு பிளை. முன்பக்கம், அதாவது அணியத்துக்கிட்ட, பலகை மல்லுக்கட்டும். வெந்நீர்ல நனைச்ச துணியைச் சுத்தி அரைமணி நேரம் வெச்சா கொஞ்சம் இறங்கி வரும். இழைப்புளி பிடிக்கத் தெரியாம ரெண்டு பலகை வீணாச்சு, உப்புத்தாள் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் ரேகை போய், மெஸ் பயோமெட்ரிக்ல என்னை யாருன்னே தெரியலைன்னுடுச்சு.

தண்ணி கசியக் கூடாதேங்கற பயத்துல உள்ள வெளியே எல்லாம் எபாக்ஸியைத் தாராளமா பூசினேன். நான் செஞ்ச பெரிய தப்பு அதுதான். நிஜப் படகு 3 டன்னுன்னு வெச்சுக்கோங்க. நீளம் பத்துல ஒரு பங்குன்னா எடை ஆயிரத்துல ஒரு பங்கு. மாடல் 3 கிலோ இருக்கணும். தராசுல வெச்சா 3.4! 400 கிராம்தானேன்னு நினைச்சேன். திருப்பி ஆயிரத்தால பெருக்கிப் பாருங்க, 400 கிலோ. கடலுக்குப் போற படகுல ஆறு பேரைச் சும்மா ஏத்தி உட்கார வெச்ச மாதிரி. அதுவும் என் பயத்துக்காக.

நண்பனோட அடையாறு அபார்ட்மென்ட்ல, செகரட்டரி அங்கிள்கிட்ட கெஞ்சி, காலையில 6 மணிக்கு நீச்சல் குளத்துல இறக்கினோம். வரைஞ்சு வெச்ச வாட்டர்லைனைவிட 3 மில்லிமீட்டர் முழுகியிருந்துது. பின்பக்கம் இன்னும் அதிகம். பேட்டரியை ஒரு சாண் முன்னாடி நகர்த்தினதும் நேரா நின்னுது. எடையைக் குறைக்க மட்டும் வழியில்ல, அது பலகையோட ஒட்டிப்போச்சு.

"இதையெல்லாம் ஆன்சிஸ்ல ஒரு வாரத்துல பண்ணிடலாமே"ன்னு ஒரு சீனியர் சொன்னார். பண்ணலாம், நானும் பண்ணேன். ஆனா சாஃப்ட்வேர்ல எடைங்கறது நான் டைப் பண்ற நம்பர். நான் 3 கிலோன்னு அடிச்சேன், அது நம்பிடுச்சு.

அப்புறம் வேகம். ஃபுல் த்ராட்டில் கொடுத்தேன், மூக்கைத் தூக்கிக்கிட்டு 10 மீட்டரை 4 செகண்டுல கடந்துது. எல்லாரும் கைதட்டினாங்க, வீடியோ எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா அசிங்கமா இருந்துது. மாடலோட வேகத்தை ஸ்கேலோட வர்க்கமூலத்தால பெருக்கணும். அப்படிப் பார்த்தா நிஜப் படகு 15 நாட் வேகத்துல பறக்கணும். நான் எடுத்துக்கிட்டது 7 நாட். அதுக்கு மாடல் 10 மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட 9 செகண்ட் ஆகணும். கரையில நாம நடக்கற வேகம்தான்.

இந்த விதியைக் கொடுத்த வில்லியம் ஃப்ரூட் ரயில்வேயில வேலை பார்த்த இன்ஜினியர். 1860கள்ல ஸ்வான், ரேவன்னு ரெண்டு வடிவத்துல மாடல்கள் செஞ்சு ஆத்துல இழுத்துப் பார்த்தார். 1872ல டார்க்கேல தன் வீட்டுப் பக்கத்துலயே இழுவைத் தொட்டி கட்டினார். இன்னிக்கு நம்ம ஐஐடி மெட்ராஸ் ஓஷன் இன்ஜினியரிங்ல இருக்கற இழுவைத் தொட்டியும் அவர் வழியில வந்ததுதான். ரெண்டாவது நாள் த்ராட்டிலைக் குறைச்சு, படகு கூடவே குளத்தோரமா நடந்தேன். அணியத்துல இருந்து அலை ரெண்டு பக்கமும் விரிஞ்சு, ஃபோட்டோவுல பார்க்கற நிஜ லாஞ்ச் மாதிரியே போச்சு. யாரும் கைதட்டல. எனக்கு மட்டும் கொஞ்சம் தொண்டை அடைச்சுது.

நாவல்டி இல்லைதான், ஒத்துக்கறேன். காசு கொடுத்து வாங்கற பேக்கேஜ்ல எது நாவல்டின்னு எனக்கு யாராவது சொல்லுங்க. பிளேஸ்மென்ட், ஐஇஎல்டிஎஸ், வீட்டுப் பிரஷர், எல்லாம் எனக்கும் இருந்துது. படி ஏறினவங்களைத் திட்ட எனக்கு உரிமையும் இல்ல. ஆனா செலவுதான் காரணம்னா அதை நான் நம்ப மாட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட் மோட்டார், பேட்டரி, பிளை, எபாக்ஸி எல்லாம் சேர்த்து எனக்கு 3,800 ரூபாய் ஆச்சு, ரிமோட் கடன் வாங்கினது. மினி பிராஜெக்டுக்கு என் பங்கு மட்டும் 2,500. டிபார்ட்மென்ட்டும் ரிப்போர்ட் எத்தனை பக்கம்னு எண்றதை விட்டுட்டு, 'உன் கையால செஞ்சதைக் காட்டு, எங்க தப்பாச்சு சொல்லு'ன்னு கேட்டா, பாதி பேர் மாடி ஏற மாட்டாங்க.

ஃபைனல் வைவாவுல எக்ஸ்டர்னல் சார் படகைத் தூக்கிப் பார்த்துட்டு, "கொஞ்சம் வெயிட்டா இருக்கே?"ன்னார். "400 கிராம் அதிகம் சார், ஏன்னு சொல்லட்டுமா?"ன்னேன். இருபது நிமிஷம் பேசினோம்.

வங்குகளோட அட்டை டெம்ப்ளேட் எல்லாம் ஹாஸ்டல் ரூம்ல கட்டிலுக்கு அடியில இருக்கு. மே மாசம் ரூம் காலி பண்றதுக்குள்ள ஜூனியர்ஸ் யாராவது வந்து எடுத்துக்கோங்க. நாலாவது வங்குல இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா வெட்டிட்டேன், அதை மட்டும் சரி பண்ணிக்கோங்க.